கம்பெனியின் மனம் எது?

திணை இரண்டு என்று கற்பிக்கும் நமக்குக் கம்பெனி என்னும் சொல்லில் ஐயம் எழுவதில்லை. ‘கம்பெனி வந்தது’ என்போமேயன்றிக் ‘கம்பெனி வந்தார்’ என்று சொல்லோம். சட்டமோ வேறு இலக்கணம் கொண்டது. வழக்கு மன்றத்தின் கண்ணுக்குக் கம்பெனி ஓர் ஆள். அது நிலம் வாங்கும், விற்கும். கடன் கொடுக்கும், கொள்ளும். வழக்குத் தொடுக்கும், அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பங்குதாரர் அனைவரும் இறந்தாலும் அது இறவாது. அடிப்பதற்கு முதுகும் அடைப்பதற்கு உடலும் இல்லை என்பதொன்றே அதற்கும் நமக்கும் உள்ள வேற்றுமை.

மனிதனல்லாத ஒன்றை ஆளாகக் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. கோயில் நிலம் இறைவன் பெயரிலேயே இருப்பதை நாம் அறிவோம். இந்துத் தெய்வத் திருமேனி சட்டத்தின்முன் ஓர் ஆள் என்பதை 1925-இல் பிரிவி கவுன்சில் நெடுநாளைய மரபென ஒப்புக்கொண்டது. சோழ நாட்டுப் பத்தூரில் மண்ணுள் புதைந்திருந்து, பின் கடத்தப்பட்டு லண்டன் சேர்ந்த நடராசர் திருமேனியைப் பற்றிய வழக்கிலும், அந்தச் சிதைந்த கோயிலே ஒரு வழக்காளியாக நிற்கலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு மன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. நடராசரும் தமிழகம் திரும்பினார். அவரை விலைக்கு வாங்கியிருந்த எதிர்த் தரப்பும் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றே. ஆக, அந்த வழக்கில் இருபுறமும் நின்றவை சட்டம் ஆளாகக் கொண்டவையே.

தெய்வத்தின்மீது குற்றம் சுமத்தும் வேலை வழக்கு மன்றத்துக்கு வாய்ப்பதில்லை. கம்பெனியின் நிலை அவ்வாறன்று. அது தவறிழைத்தால் அதன் மனம் எங்கே இருந்தது, யார் நினைத்ததை அது நினைத்ததாகக் கொள்வது என்ற வினா எழுகிறது. இதற்கு நீதிபதிகள் ஒரு விடை தந்தனர். அவ்விடை போதாதென்று கண்ட பாராளுமன்றம் வேறொன்று தந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் கம்பெனிச் சட்டத்தின் அடிப்படையை இங்கிலாந்திலிருந்து பெற்றவையாதலின், அந்நாட்டு வழக்குகளின் வழியே இதனைக் காண்போம்.

முற்காலத்தில் கம்பெனி தோன்ற வேண்டுமானால் அரசரின் சாசனமோ பாராளுமன்றத்தின் தனிச் சட்டமோ வேண்டும். நம் முன்னோர் ‘கும்பினி’ என்றழைத்த கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் பெற்றது அத்தகைய சாசனமே. 1844-இல் வந்த சட்டம், பதிவு செய்தாலே கம்பெனி பிறக்கும் என்றாக்கியது. 1855-இல் ‘வரையறுத்த பொறுப்பு’ வந்தது. நூறு வெள்ளிக்குப் பங்கு வாங்கியவன், கம்பெனி எத்துணைக் கடன்பட்டு வீழினும் அந்த நூறு வெள்ளியை மட்டுமே இழப்பான். அவன் வீட்டையும் மனைவியின் நகையையும் கடன்காரர் தொட முடியாது. ‘லிமிடெட்’ என்று பெயர்ப் பலகையில் நாம் காணும் சொல்லுக்குப் பொருள் இதுதான். 1862-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் தொகுத்து, ஏழு பேர் கூடிப் பெயரெழுதினால் கம்பெனி அமைக்கலாம் என்றது.

இந்த ‘ஏழு பேர்’ என்ற சொல்லின்மேல் எழுந்ததுதான் புகழ்பெற்ற சாலமன் வழக்கு. ஆரன் சாலமன் என்பவர் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் தோற்காலணி செய்து மொத்தமாக விற்றவர். 1892-இல் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். ஏழு பேர் யார்? அவர், அவர் மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள். குடும்பத்தார் அறுவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. சாலமனுக்கு 20,001 பங்கு. தொழிலின் விலையாக ஏறத்தாழ 39,000 பவுன் குறிக்கப்பட்டது. அதில் 10,000 பவுனைக் கம்பெனி தமக்குத் தரவேண்டிய கடனாக்கி, கம்பெனியின் சொத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரமும் அவர் பெற்றுக்கொண்டார். அதாவது, தாம் படைத்த கம்பெனிக்குத் தாமே முதற் கடன்காரர் ஆனார்.

ஓராண்டிலேயே தொழில் நொடித்தது. காலணித் தொழிலில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்த காலம் அது. சாலமன் தம் பத்திரத்தை ஈடு வைத்து வேறொருவரிடம் 5,000 பவுன் கடன் வாங்கிக் கம்பெனிக்கே கொடுத்துப் பார்த்தார், பயனில்லை. 1893-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஈடு பெறாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு வரவேண்டியது ஏழாயிரம் பவுனுக்கு மேல். பத்திரக் கடன் முந்திக்கொண்டால் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. கலைப்பு அதிகாரி சாலமன்மீதே பாய்ந்தார்: “கம்பெனி என்பது உம்முடைய மறுபெயர், கடனை நீரே தீர்த்து வையும்” என்பது அவர் வாதத்தின் சாரம். கீழ் மன்றம் கம்பெனி சாலமனின் ஏவலாள் என்றது. மேல்முறையீட்டு மன்றம் இன்னும் கடுமையாக, குடும்பத்தார் அறுவரும் பொம்மைகள், இது சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தல் என்றது.

பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் இவ்விரண்டையும் தள்ளியது. தீர்ப்பின் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இது: சட்டம் ஏழு பேர் வேண்டும் என்றது, ஏழு பேர் இருந்தனர். அவர்கள் ஒருவர்க்கொருவர் உறவினராய் இருத்தலாகாது என்றோ, சம பங்கு வைத்திருக்க வேண்டும் என்றோ சட்டத்தில் சொல் இல்லை. இல்லாத சொல்லை நீதிபதி எழுதிச் சேர்க்கலாகாது. முறைப்படி பிறந்த கம்பெனி, தன்னைப் பெற்றவரினும் வேறான ஆள். ஆகவே கம்பெனியின் கடன் சாலமனின் கடனன்று.

இத்தீர்ப்பைப் பணக்காரனுக்குச் சாதகமானது என்று பழிப்போர் உண்டு. என் கருத்தில் அது முழு நியாயமன்று. சாலமன் ஏய்த்தவரல்லர், தம் கையிருப்பையும் கம்பெனியோடு சேர்த்து இழந்தவர். கம்பெனி இன்னது என்று பதிவேட்டில் எவரும் பார்த்திருக்கலாம். பார்த்தும் கடன் கொடுத்தது கொடுத்தவர் துணிவு. ஆயினும் அன்று எழுப்பிய சுவர் மிக உயரமானது என்பதில் ஐயமில்லை.

அச்சுவர் ஏழைக்கு உதவியதும் உண்டு. நியூசிலாந்தில் லீ என்பவர் வானூர்தியிலிருந்து வயல்களுக்கு உரம் தூவும் கம்பெனி ஒன்றை நடத்தினார். 3,000 பங்கில் 2,999 அவருடையவை. அவரே தலைவர், அவரே வானூர்தி ஓட்டி. 1956-இல் விபத்தில் மாண்டார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு மனைவி வழக்காடினார். கட்டளையிடுபவனும் கட்டளைக்குப் பணிபவனும் ஒருவனே ஆவதெங்ஙனம் என்று அந்நாட்டு மன்றம் மறுத்தது. பிரிவி கவுன்சிலோ 1960-இல், கட்டளையிட்டது கம்பெனி, பணிந்தது லீ, இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று கூறி அம்மையாரின் கோரிக்கையை ஏற்றது. சாலமன் வழக்கின் தருக்கம் ஒரு கைம்பெண்ணுக்குச் சோறு போட்டது.

அதே சுவர் தொழிலாளியை வெளியே நிறுத்தியதும் உண்டு. லண்டனுக்கு மேற்கே அக்ஸ்பிரிட்ஜ் அருகில், கல்நார்த் தூசு பறந்த தொழிலிடம் ஒன்றில் 1959 முதல் 1962 வரை அவ்வப்போது வேலை செய்த ஒருவருக்கு, 2007-இல் நுரையீரல் நோய் தெரியவந்தது. அவருக்குக் கூலி கொடுத்த துணைக் கம்பெனி அதற்குள் கலைக்கப்பட்டு மறைந்துவிட்டது. தாய்க் கம்பெனியான கேப் நிறுவனம் இருந்தது. ஆனால் அது வேறு ஆளாயிற்றே! 2012-இல் மேல்முறையீட்டு மன்றம் சுவரை இடிக்கவில்லை, சுற்றிச் சென்றது. தூசின் கேட்டைத் தாய்க் கம்பெனி நன்கறிந்திருந்தது, தொழிலாளர் உடல்நலம் பற்றிய அறிவும் அதிகாரமும் அதனிடமே இருந்தன, எனவே அத்தொழிலாளியைக் காக்கும் கடமை அதற்கே நேராக உண்டு என்றது. வேறு ஆள் என்பதை ஒப்புக்கொண்டே, அவ்வேறு ஆளின் கடமையைத் தனியே காட்டினர் நீதிபதிகள்.

இனி மனத்துக்கு வருவோம். 1915-இல் பிரபுக்கள் சபைக்கு ஒரு கப்பல் வழக்கு வந்தது. பழுதான கொதிகலன்களோடு சென்ற கப்பல் தீப்பற்ற, ஏற்றியிருந்த எண்ணெய்ச் சரக்கு அழிந்தது. கப்பல் உடையவனின் சொந்தத் தவறின்றி நேர்ந்த தீயாயின் அவன் ஈடு செய்ய வேண்டியதில்லை என்பது அன்றைய கப்பற் சட்டம். உடையவனோ லெனார்ட்ஸ் என்ற கம்பெனி. கம்பெனிக்குச் ‘சொந்தத் தவறு’ என்பது எது? ஹால்டேன் பிரபு விடை பகர்ந்தார்: கம்பெனிக்குத் தனக்கென உடலுமில்லை, மனமுமில்லை, அதை நடத்தும் மனமும் உறுதியுமாக விளங்கும் மனிதர் எவரோ அவர் தவறே கம்பெனியின் தவறு. 1956-இல் டென்னிங் நீதிபதி இதனை மனித உடலோடு ஒப்பிட்டு விளக்கினார். மேலாளர் சிலர் மூளை போன்றவர். ஏனைய பணியாளர் கைகள் போன்றவர். கை செய்ததெல்லாம் மூளை நினைத்ததாகா.

இவ்வுவமையைக் கேட்கும் மலேசியத் தமிழர்க்குத் தோட்டத்தின் நினைவு வராமற் போகாது. ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றின் கம்பெனிகள் லண்டனில் பதிவாகியிருந்தன. இடையே ஏஜென்சி நிறுவனம். அதற்குக் கீழே துரை. அவருக்குக் கீழே கிராணி, கங்காணி. பால்மரம் வெட்டியவர்க்குத் துரையே அரசர். ஹால்டேன் பிரபுவின் கணக்கிலோ அவர் பெரும்பாலும் கை. மூளை கடல் கடந்து ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தது.

இவ்விடையின் குறையை ஒரு சலவைத் தூள் பொட்டலம் காட்டியது. 1969-இல் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில் டெஸ்கோ கடை ஒன்று, தூளின் விலையைக் குறைத்திருப்பதாகச் சுவரொட்டி ஒட்டியது. குறைந்த விலைப் பொட்டலங்கள் தீர்ந்துபோயின, சுவரொட்டி நின்றது, வாங்க வந்தவரிடம் முழு விலையும் பெறப்பட்டது. பொய் விளம்பரக் குற்றத்துக்காக வழக்கு. தவறியவர் கடை மேலாளர். நூற்றுக்கணக்கான கடைகளுள் ஒன்றன் மேலாளர் கம்பெனியின் மூளையல்லர், அவர் ‘வேறோர் ஆள்’, கம்பெனி தன் கவனத்தைச் செய்திருக்கிறது என்று பிரபுக்கள் சபை 1971-இல் டெஸ்கோவை விடுவித்தது. இழப்பு ஒரு ஷில்லிங். ஆகவே யாரும் கண்ணீர் விடவில்லை.

உயிரிழப்பு நேர்ந்தபோதுதான் அத்தீர்ப்பின் கனம் தெரிந்தது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் செப்ருகே துறைமுகத்திலிருந்து டோவருக்குப் புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃபிரீ என்டர்பிரைஸ்’ என்னும் கப்பல், வண்டிகள் ஏறும் முன்கதவைச் சாத்தாமலே சென்றது. கடல்நீர் உள்ளே பாய்ந்து சில நிமிடங்களில் கவிழ்ந்தது. மாண்டோர் 193 பேர். கதவைச் சாத்த வேண்டியவர் தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். சாத்தியாயிற்று என்று அதிகாரி எண்ணிக்கொண்டார். கதவு திறந்திருப்பதை மாலுமித் தலைவருக்குக் காட்டும் விளக்கு ஒன்று வேண்டும் என்று கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தனர். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஷீன் நீதிபதியின் விசாரணை, அலட்சியம் என்னும் நோய் கம்பெனியின் மேலிருந்து கீழ்வரை பரவியிருந்தது என்று கண்டது.

பி. அண்டு ஓ. நிறுவனத்தின்மீதும் தனி மனிதர் சிலர்மீதும் நோக்கமில்லாக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. கம்பெனி மீது இக்குற்றம் சாட்டலாம் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். அவ்வளவில் அது புதுமை. ஆனால், குற்றவாளியாக்க வேண்டுமானால் மூளை எனத்தக்க ஒருவர் தாமே அக்குற்றத்தை முழுமையாகச் செய்திருக்க வேண்டும். ஒருவர் செய்த கால் தவறையும் மற்றொருவர் செய்த அரைத் தவறையும் கூட்டி முழுக் குற்றமாக்க முடியாது. 1990-இல் கம்பெனி விடுதலை பெற்றது. நோய் உடலெங்கும் பரவியிருந்ததென்று ஒரு நீதிபதி எழுதியதே, குற்றவியல் மன்றத்தில் எவரிடமும் நோய் இல்லை என்பதற்கு வழியாயிற்று.

நான்கு ஆண்டு கழித்து முதன்முறையாக ஒரு கம்பெனி இக்குற்றத்தில் தண்டனை பெற்றது. 1993-இல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறு படகுப் பயிற்சிக்குச் சென்ற மாணவர் நால்வர் கடலில் மாண்டனர். பயிற்சி நடத்திய ஓ.எல்.எல். என்ற கம்பெனி மிகச் சிறியது; நிர்வாக இயக்குநர் ஒருவரே அதற்கு எல்லாம். அவர் மனமே கம்பெனியின் மனம் என்பதைக் காட்ட அரசு வழக்குரைஞர் சிரமப்படவில்லை. 1994-இல் கம்பெனிக்கு 60,000 பவுன் அபராதம், இயக்குநருக்குச் சிறை. 1997-இல் சவுத்தால் ரயில் விபத்தில் ஏழு பேர் இறந்தபோதோ, பெரிய ரயில் கம்பெனி மீதான கொலைக் குற்றம் நிற்கவில்லை. பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 15 லட்சம் பவுன் அபராதத்தோடு முடிந்தது. கம்பெனி பெரிதாகப் பெரிதாக அதன் மனம் பலர் மேசைகளில் சிதறுகிறது. சிதறச் சிதறக் குற்றமும் கரைகிறது. சிறு வண்டு அகப்பட, பெருவண்டு அறுத்துச் செல்லும் சிலந்தி வலைபோல் ஆயிற்று சட்டம்.

நீதிபதிகள் தாமே இதை மாற்ற இசையவில்லை. மாற்றுவது பாராளுமன்றத்தின் பணி என்றனர். சாலமன் வழக்கிலும் அவர்கள் கொண்ட நிலை அதுவே. இங்கிலாந்துச் சட்ட ஆணையம் 1996-இல் பரிந்துரைத்ததைச் சட்டமாக்கப் பாராளுமன்றத்துக்குப் பதினொரு ஆண்டு ஆயிற்று. 2007-இல் இயற்றி 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், ‘யார்’ என்று கேட்பதை விட்டு ‘எப்படி’ என்று கேட்டது. நிறுவனம் தன் காரியங்களை நடத்திய முறையே பெரும் கடமைத் தவறாகி உயிரைப் போக்கியதா? அம்முறையில் உயர் நிர்வாகத்தின் பங்கு கணிசமானதா? ஆமெனில் நிறுவனம் குற்றவாளி. தனி ஒருவரின் முழுக் குற்றத்தைத் தேட வேண்டியதில்லை. அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை.

இச்சட்டத்தின்கீழ் 2011-இல் முதலில் தண்டிக்கப்பட்டது எத்தகைய கம்பெனி? எட்டுப் பேர் வேலை செய்த ஒரு மண்ணாய்வுக் கம்பெனி! தாங்கு பலகையில்லாத குழி சரிந்து இளைஞர் ஒருவர் இறந்ததற்காக 385,000 பவுன் அபராதம். மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. தண்டனை தக்கதே. ஆனால் வலை எந்த வண்டுக்காகப் பின்னப்பட்டதோ அது இன்னும் அகப்படவில்லை.

எனவே சட்டமியற்றுவோர் வேறொரு வழி கண்டனர். 2010-இல் இங்கிலாந்து இயற்றிய லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில், லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதே தனிக் குற்றமாயிற்று. கம்பெனிக்காக ஒருவன் லஞ்சம் கொடுத்தால், மேலே இருப்பவர் அறிந்தாரா என்ற கேள்வி இல்லை. தடுப்பதற்குப் போதிய ஏற்பாடு செய்திருந்தோம் என்று கம்பெனியே மெய்ப்பிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாதாரக் குற்றங்களில் உயர் மேலாளர் ஒருவரின் செயலையே கம்பெனியின் செயலாக்கியது. டெஸ்கோ தீர்ப்பின் கடுமை அந்த அளவில் தளர்ந்தது. 2025 செப்டம்பர் முதல் மோசடியைத் தடுக்கத் தவறுதலும் குற்றம். இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. 250 பேருக்கு மேற்பட்ட பணியாளர், 3 கோடியே 60 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட விற்பனை, 1 கோடியே 80 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட சொத்து என்ற மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். சிறியோர் மட்டும் அகப்பட்ட வழக்கம் இங்கே தலைகீழாக்கப்பட்டது.

நம் பகுதியிலும் இக்காற்று வீசுகிறது. ஏழு பேர் வேண்டும் என்பது பழங்கதை. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே கம்பெனி அமைக்கலாம், சிங்கப்பூரிலும் அவ்வாறே. சாலமன் இன்றிருந்தால் பிள்ளைகளை அழைத்துக் கையொப்பம் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் சுவரின் மறுபுறம் பொறுப்பு வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கம்பெனி குற்றம் செய்தால், தாம் உடன்படவில்லை என்பதையும் தக்க கவனம் எடுத்ததையும் அதன் அதிகாரி காட்டினாலொழிய அவரும் குற்றவாளி. மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது, முதலாளியின் அடிப்படைக் கடமைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆயிற்று.

இவற்றினும் கடுமையானது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2020 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 17ஏ பிரிவு. கம்பெனியோடு தொடர்புடைய ஒருவர் கம்பெனியின் நலனுக்காகக் கையூட்டுக் கொடுத்தால், கம்பெனி குற்றவாளி. தண்டனை, கையூட்டின் மதிப்பைப் போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றுள் எது பெரிதோ அதற்குக் குறையாத அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனியைச் சிறையில் அடைப்பதெப்படி என்று கேட்பவர்க்கு அடுத்த உட்பிரிவு விடை தருகிறது: அக்காலத்தில் இயக்குநராகவோ நிர்வாகத்திலோ இருந்தவரும் அதே குற்றத்தைச் செய்தவராகக் கருதப்படுவார். தாம் இசையவில்லை, தம் பதவிக்கேற்ற கவனம் எடுத்தேன் என்று அவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். கம்பெனி தப்ப ஒரே வழி, போதிய தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று காட்டுவது. ‘போதிய’ என்ற சொல்லுக்குச் சட்டம் இலக்கணம் வகுக்கவில்லை. பிரதமர் துறை 2018 இறுதியில் வெளியிட்ட வழிகாட்டி சில நெறிகளைச் சொல்லி நிற்கிறது. அலுவலகச் சுவரில் ஒழுக்க விதிகளை மாட்டி, ஆண்டுக்கொரு முறை எல்லாரிடமும் கையொப்பம் வாங்கிவிட்டால் அது போதிய ஏற்பாடு ஆகுமா என்பது, ‘ஏழு பேர்’ என்ற சொல்லைப் போலவே, வழக்கு வழக்காக நீதிபதிகள் பொருள் காண வேண்டிய ஒன்று.